கில்வா தீவின் பவளக்கல் சுவர்கள்

தான்சானியா போகிறவர்கள் பெரும்பாலும் சான்சிபாரோடு திரும்பிவிடுகிறார்கள். நான் தார் எஸ் சலாமிலிருந்து தெற்கே சுமார் 300 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் கில்வா மசோகோவில் இறங்கினேன். அனுமதிச் சீட்டு வாங்கி, ஒரு வழிகாட்டியோடு பாய்மரப் படகில் எதிர்த் தீவுக்குப் போனேன். அதுதான் கில்வா கிசிவானி, பழைய துறைமுக நகரத்தின் இடிபாடுகள் இருக்கும் தீவு. கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே படகு நின்றுவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தோம்.

பெரிய மசூதியின் வடபகுதி 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குவிமாடங்கள் உள்ள பெரிய கூடம் 14ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. உள்ளே நுழைந்ததும் வழிகாட்டி, "முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள்" என்றார். பக்கத்தில் போய்ப் பார்த்தால், கல் முழுக்கப் பூப்பூவாகப் பவளத்தின் கண்கள், தேனடை மாதிரி நெருக்கமாக. கடலிலிருந்து வெட்டி எடுத்த புதிதில் இந்தப் பவளம் மிருதுவாக இருக்குமாம். அப்போதே வாசல் வளைவு, மிஹ்ராப் (தொழுகைத் திசையைக் காட்டும் சுவர் மாடம்) என்று செதுக்கிவிடுவார்கள். காய்ந்ததும் இறுகிவிடும். சுண்ணாம்பும் பவளத்தைச் சுட்டு எடுத்ததுதான். சாதாரண வீடுகளில் அறைகள் ஏன் அவ்வளவு குறுகல் என்றும் கேட்டேன். கூரைக்குச் சதுப்புநில மரக் கழிகள்தான் போட்டார்கள், கழியின் நீளம்தான் அறையின் அகலம்.

அப்புறம் ஹுசுனி குப்வா. கடலைப் பார்த்த மேட்டில், சுல்தான் அல்-ஹசன் இப்னு சுலைமான் கட்டிய அரண்மனை. எண்கோணக் குளம் இப்போதும் வடிவம் கெடாமல் இருக்கிறது. தெற்கே இன்றைய மொசாம்பிக் கரையிலுள்ள சோஃபாலாவின் தங்கம் இந்தத் துறைமுகம் வழியாகப் போன செழிப்பான காலம் அது. 1331இல் மொராக்கோ பயணி இப்னு பதூதா வந்து ஊரின் அழகைப் புகழ்ந்ததும் அந்தச் சுல்தானின் காலத்தில்தான். 1505இல் போர்த்துக்கீசியர் வந்து சூறையாடினார்கள்.

இதையெல்லாம் வெளியிலிருந்து வந்த அரபிகள் கட்டியதாகவே வெகுகாலம் எழுதி வந்தார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கல் கட்டடங்களுக்கு முன்பே இங்கே மண் வீடுகள் கட்டி வாழ்ந்த ஊர் இருந்ததை அகழாய்வு காட்டியிருக்கிறது. கடல் கடந்து வந்தவர்களோடு கலந்தார்கள், மதத்தை ஏற்றார்கள், சரி. ஆனால் ஊர் இந்தக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்து சுவாஹிலி மக்களுடையது.

திரும்பும்போது கடல் வற்றியிருந்தது. படகு வரைக்கும் ஈரத் தரையில் நடந்தோம். காலடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்துக் கழுவினேன். சுவரில் பார்த்த அதே பூக்கள். வைத்துவிட்டுப் படகேறினேன்.