மறு: மறு: இந்த வருடத்து வடகப் பொட்டலம் – முன்பணம் அனுப்பாதவர்கள் கவனத்துக்கு

அனுப்புநர்: சங்கச் செயலாளர், ஊர்

அன்புள்ள உறவுகளே,

சித்திரை பிறக்கப் போகிறது. சென்ற ஆண்டைப் போலவே தாளிக்கிற வெங்காய வடகம், நெத்திலிக் கருவாடு, முந்திரி, மாங்காய் வற்றல் அடங்கிய பொட்டலம் வெளிநாட்டு உறுப்பினர்களுக்கு அனுப்பப்படும். ஆளுக்கு 4,500 ரூபாய், கூரியர் செலவு தனி. கத்திரி தொடங்குவதற்குள் வேலையை ஆரம்பித்தாக வேண்டும் என்பதால் மாதக் கடைசிக்குள் பணம் வந்து சேரட்டும். மிச்சமாகும் தொகை வழக்கம்போல் ஊர் நுழைவு வளைவு வேலைக்குப் போகும்.

---

அனுப்புநர்: தெற்குத் தெரு, துபாய்

தம்பி,

சென்ற வருடக் கணக்கு எங்கே? தை மாதமே கேட்டேன். வெங்காயம் எத்தனை கிலோ, என்ன விலை, எந்த மண்டியில் எடுத்தது? எனக்கு வந்த பொட்டலத்தில் வடகம் 300 கிராம் குறைவு. வீட்டில் தராசு இருக்கிறது. முழு முந்திரி என்று எழுதிவிட்டுப் பாதி உடைசலைப் போட்டிருந்தீர்கள். பண்ருட்டிப் பக்கத்தில் பிறந்தவனுக்கு முழுசுக்கும் உடைசலுக்கும் என்ன விலை வித்தியாசம் என்று தெரியாதா? கூரியர் ரசீது இல்லை. ஃபெஞ்சல் புயலுக்கு வசூலித்த பணத்தில் அரிசிக்கும் ரசீது இல்லை. யாரையும் குற்றம் சொல்லவில்லை, கணக்குத்தான் கேட்கிறேன்.

---

அனுப்புநர்: மேலத்தெரு, சிங்கப்பூர்

மாமா,

எடுத்ததற்கெல்லாம் தராசைத் தூக்கினால் எப்படி? போன வருடம் அந்தப் பொட்டலத்தைப் பிரித்ததும் எங்கள் மாடி லிஃப்ட் வரைக்கும் வாசனை போனது. எதிர்வீட்டுத் தஞ்சாவூர்க்காரர் கதவைத் தட்டி என்னவென்று கேட்டார். பக்கத்து ஊர்ச் சங்கம் மிளகாய்ப்பொடியோடு நிறுத்திக்கொள்கிறது. வடகம் அனுப்புவது நாம் மட்டும்தான். வளைவும் முடிந்துவிட்டால் பண்ருட்டி ரோட்டில் பஸ்ஸில் போகிறவன் ஒவ்வொருவனும் நம் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டுத்தான் போவான்.

அப்புறம், வள்ளலார் மண்ணில் பிறந்துவிட்டுச் சோற்றுக்குக் கணக்குப் பார்ப்பது அழகில்லை. 1867-இல் வடலூர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. அங்கே யாராவது சாப்பிட வந்தவனிடம் ரசீது கேட்கிறார்களா?

நான் இரண்டு பொட்டலத்துக்குப் பணம் போட்டுவிட்டேன்.

---

அனுப்புநர்: கீழத்தெரு, பாரிஸ்

எல்லோருக்கும் வணக்கம்.

நான் இந்த முறை பணம் அனுப்புவதாக இல்லை. மாமா சொல்லும் 300 கிராம் அதற்குக் காரணம் இல்லை.

என் தங்கை போன வாரம் காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். மேட்டுத்தெரு பெரியம்மா வீட்டுத் திண்ணையில் வெங்காய மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. "ஆளை வுட்டு இறக்கிட்டுப் பூட்டாங்க" என்றாராம் பெரியம்மா. செய்வாரா, உடம்புக்கு முடியுமா என்று அவரிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. வலது கை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. தங்கைக்கு டம்ளரில் காபி கொடுக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துத்தான் கொடுத்திருக்கிறார். போன வருடம் என்ன கூலி கொடுத்தார்கள் என்று இவள் கேட்டிருக்கிறாள். "ஊர்ப் புள்ளைங்க துன்றதுக்கு இன்னாத்துக்குடி கூலி" என்று சிரித்தாராம். பொங்கலுக்கு ஒரு புடவை கொடுத்தார்களாம். அது சங்கத்துப் பணமா, செயலாளர் தம்பி தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்ததா என்று தெரியவில்லை. கையிலிருந்து கொடுத்திருந்தால் அவனுக்கு நன்றி.

வடகம் செய்து பார்க்காதவர்கள் இங்கே அதிகம். ஆண்கள் முக்கால்வாசிப் பேர் இருக்கும் குழு என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். சின்ன வெங்காயத்தைத் தோல் நீக்கி நறுக்க வேண்டும், இல்லையென்றால் உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்சியில் போட்டால் கூழாகிவிடும், அது வடகம் இல்லை. பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டு, தோல் உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், சோம்பு, மஞ்சள், பெருங்காயம், கறிவேப்பிலை, கல் உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து பானையில் ஒரு ராத்திரி மூடி வைக்க வேண்டும். மறுநாள் சாற்றைப் பிழிந்துவிட்டு மாடியில் பாய் விரித்துப் பரப்ப வேண்டும். சாயங்காலம் அள்ளி வந்து அதே சாற்றில் போட்டுப் பிசைந்து, காலையில் திரும்பவும் பிழிந்து காயவைக்க வேண்டும். சாறு முழுக்க ஏறியபிறகு உருண்டை பிடிப்பது. அதோடு முடிந்ததா? தினமும் உருண்டையை உதிர்த்துக் காயவைத்து, மாலையில் மறுபடியும் பிடிக்க வேண்டும். கடைசியில் விளக்கெண்ணெய் தடவிப் பிடித்தால்தான் வருடம் முழுக்கப் பூச்சி அண்டாது. நடுவில் ஒரு கோடை மழை வந்துவிட்டால் பூசணம் பிடித்து அத்தனையும் குப்பைக்கு. பத்துக் கிலோ வெங்காயத்தில் இரண்டு, இரண்டரை கிலோ தேறினால் பெரிது. மாமா, உங்கள் தராசுக்கு இதையும் சொல்லிவையுங்கள்.

இவ்வளவும் நடப்பது நிழலில் நின்றாலே தலை சுற்றும் வெயிலில். ஏழு மூட்டை வெங்காயத்தை அந்தக் கையை வைத்துக்கொண்டு யார் உரிப்பது?

அண்ணே, வள்ளலார் பெயரை இழுத்தீர்கள், அதனால் சொல்கிறேன். அவர் பசித்தவனுக்குச் சோறு போடச் சொன்னார். சிங்கப்பூரிலும் பாரிஸிலும் இருக்கிற நமக்குப் பசி இல்லை. இது ஆசை. ஆசைக்கு விலை கொடுக்கத்தான் வேண்டும்.

இங்கே பெரிய கடைகளில் "வடூவான்" என்று கண்ணாடிக் குப்பியில் விற்கிறார்கள். நம் வடகம்தான், புதுச்சேரி வழியாக வந்து பிரெஞ்சுக்காரர் வாயில் அப்படி ஆகிவிட்டது. பெயர் பெற்ற சமையல்காரர்கள் அதை மீனிலும் வெண்ணெய்ச் சாஸிலும் தூவுகிறார்கள். உருண்டையாக இருக்காது, உதிரிப் பொடி. விளக்கெண்ணெய் வாசனையும் இருக்காது. அந்தக் குப்பியின் விலையைப் பார்த்துவிட்டுப் பெரியம்மாவின் புடவையை நினைத்தால் எனக்கு எரிகிறது.

என் மாமியார் புதுச்சேரி சொல்தா வீட்டுப் பெண், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் குடும்பம். 1962-இல் புதுச்சேரியை இந்தியாவோடு சேர்த்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தபிறகு பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்த குடும்பம். அவரும் வடகம் போடுவார், பூண்டு ஒரு மடங்கு கூடுதலாக. எது அசல் என்று எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பெரியம்மா உருண்டை வந்தால் முதலில் கிள்ளி எடுப்பது அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்புதான். ஐரோப்பாவுக்கு நெய்யும் கறியும் கொண்டுவர விடமாட்டார்கள், ஆனால் மீன் வகை ஆளுக்கு 20 கிலோ வரை விடுவார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என் பெட்டியில் புடவைக்கு இடமில்லை. காராமணிக்குப்பம் திங்கட்கிழமைச் சந்தையில் வாளைக் கருவாடும் சென்னாக்குன்னி என்கிற பொடி இறால் கருவாடும் வாங்கிவிடுவேன். நல்லெண்ணெயில் வடகத்தை உதிர்த்துப் போட்டு, அது கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் வெங்காயம், தக்காளி. கத்தரிக்காய் இங்கே லா ஷப்பேல் பகுதித் தமிழ்க் கடைகளில் கிடைக்கும், ஆனால் பாலூர் கத்தரிக்காய் மாதிரி குழையாது, தோல் தனியாக நிற்கும். புளி கொதித்தபிறகு வெந்நீரில் அலசிய கருவாடு. என் ஆயா கடைசியில் அவித்த பலாக்கொட்டையைத் தட்டிப் போடுவார். புளியை உறிஞ்சிக்கொண்டு மெத்தென்று இருக்கும். கருவாட்டைத் தள்ளிவிட்டு அதற்குத்தான் நாங்கள் அடித்துக்கொள்வோம். எங்கள் கொல்லைப் பலா 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் வேரோடு சாய்ந்தது. அதன்பின் வைத்த கன்று காய்க்கிறது, சுளை நன்றாகத்தான் இருக்கிறது, கொட்டை சிறுத்துவிட்டது. என் தம்பி மண்ணைக் குறை சொல்கிறான். எனக்கு நம்பிக்கையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரியம்மா கையால் உரிக்க வேண்டாம். மேட்டுத்தெருவில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். நாலு பேருக்கு நாள் கூலி பேசிக் கூப்பிடுங்கள். பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து பதம் சொல்லட்டும், அதற்கு அவருக்குத் தனியாகப் பணம். வேண்டாம் என்றுதான் சொல்வார். கையில் கொடுக்காமல் அவர் பெயரில் தபால் ஆபீசில் போடுங்கள். இதற்குப் பொட்டலம் 6,000 ஆனாலும் தருகிறேன். வளைவுக்கு ஒரு காசு தரமாட்டேன்.

சிங்கப்பூர் அண்ணே, நீங்கள் முதல் தடவை கப்பல் வேலைக்குப் போகும்முன் பத்து மாதம் யார் வீட்டில் சாப்பிட்டீர்கள் என்பதை நான் இங்கே எழுதவில்லை.

---

அனுப்புநர்: மேலத்தெரு, சிங்கப்பூர்

எழுதவில்லை என்று சொல்லியே எழுதிவிட்டாய் தங்கச்சி. பெரியம்மாவுக்கு நான் என்ன செய்தேன் என்று நானும் இங்கே பட்டியல் போடலாம், போடமாட்டேன். தானே புயலில் அந்த வீட்டுக் கூரை போனபோது ஓடு இறக்கியது யார் என்று உன் அப்பாவைக் கேள். உன் கல்யாணப் பந்தியில் என் அம்மாவுக்கு இலை போட மறந்ததையும் நான் சங்கத்தில் பேசியதில்லை.

கூலி கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் வளைவு ஊர் மானம். தூண் எழும்பி நிற்கிறது, பாதியில் விட்டால் பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்.

---

அனுப்புநர்: கீழத்தெரு, மெல்பர்ன்

அக்கா, கருவாட்டு விஷயத்தில் உங்களுக்குக் கொடுப்பினை இருக்கிறது. இங்கே சாப்பாட்டுப் பொருள் எதுவாக இருந்தாலும் விமான நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். போன தடவை அங்கிருந்த அதிகாரி அம்மா வடக உருண்டையைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்து இது மருந்தா என்று கேட்டார். வெங்காயம் என்றேன். நம்பவில்லை, மோந்து பார்த்ததும் நம்பிவிட்டார்.

எனக்குக் குழம்பைவிட ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழும், அதோடு தருகிற முருங்கைக்கீரையும்தான். கீரையை வேகவைத்துக் கடைந்து வடகம் தாளித்துப் பார்த்தேன், ஆத்தா செய்கிற பக்குவம் வரவில்லை. கசப்பு நிற்கிறது. வடகத்தை முதலில் போடுவதா, கடைசியிலா? மல்லாட்டையை (வேர்க்கடலையை) வறுத்து இடித்துத் தூவலாமா?

பெரியம்மா கூலிக்கு நானும் சம்மதம். தலைக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள்.

---

அனுப்புநர்: கீழத்தெரு, பாரிஸ்

கடைசியில் போடு தம்பி. கீரை கடைந்து இறக்கியபிறகு தாளித்துக் கொட்டி உடனே மூடிவிடு. கசப்பு வடகத்தால் வருவதில்லை, கீரை முற்றல். மல்லாட்டை தாராளமாகத் தூவலாம்.

அண்ணே, இலை விஷயம் என் மாமனார் வீட்டுக்காரர்கள் செய்தது. அத்தையிடம் அன்றைக்கே அம்மா போய்ப் பேசிவிட்டு வந்தார்.

---

அனுப்புநர்: சங்கச் செயலாளர், ஊர்

உறவுகளுக்கு, மூட்டைகள் இன்று மதியம் நூலகத் திண்ணைக்கு மாற்றப்பட்டன. இரண்டு மூட்டையில் ஈரம். பெரியம்மா என்னிடம் கோபமாக இருக்கிறார். வெங்காயத்தை ஏன் எடுத்தாய், எனக்கு முடியாது என்று உன்னிடம் யார் சொன்னது என்று தெருவில் நின்று சத்தம் போட்டார். பாரிஸ் அக்கா தயவுசெய்து அவரிடம் போனில் பேசவும். கூலிக்கு ஆள் கேட்டதில் மூன்று பேர் சம்மதித்திருக்கிறார்கள். மதியச் சாப்பாடு உண்டா என்று கேட்கிறார்கள்.

---

அனுப்புநர்: தெற்குத் தெரு, துபாய்

சாப்பாடு உண்டு என்று சொல்லுங்கள். செலவுத் தாளில் கூலி, சாப்பாடு இரண்டுக்கும் தனித்தனி வரி போடவும். பெரியம்மாவின் தபால் ஆபீஸ் புத்தகத்தின் நகலை இணைக்கவும். ஈரமான இரண்டு மூட்டைகளை மண்டியில் திருப்ப முடியுமா என்று பார்த்து எழுதவும். முந்திரி முழுசாக இருக்கட்டும்.

கூரியர் ரசீது இன்னும் வரவில்லை.