மாந்தோப்பில் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடக்கின்றன, இது என்ன காற்று?

ஒடுகத்தூர்_தோப்பு:
வணக்கம். எங்களுக்கு ஒடுகத்தூர் பக்கம் ரெண்டரை ஏக்கர் மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா, வரப்போரம் வேம்பும் தென்னையும். போன வெள்ளி சாயங்காலம் மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்து கோடை மழை அடித்தது, அதோடு ரெண்டு நிமிஷம்கூட இருக்காது, ஒரு காற்று. போய்ப் பார்த்தால் தோப்புக்கு நடுவே வகிடு எடுத்த மாதிரி சுமார் 40 தப்படி அகலத்துக்கு மட்டும் மரம் சாய்ந்திருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாழைக்கு ஒரு இலைகூடக் கிழியவில்லை! ஊரில் பெரியவர்கள் பேய்க்காற்று என்கிறார்கள், தம்பி டொர்னாடோ (சுழற்காற்று) என்கிறான். மரம் வாங்க வியாபாரி ரெண்டு நாளில் வந்துவிடுவார். அதற்குள் எதை அளந்து வைத்தால் என்ன காற்று என்று தெரியும்?

குடியாத்தம்காரன்:
அண்ணா, முதலில் வி.ஏ.ஓ.வை வரச்சொல்லுங்கள். சேதம் 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் நிவாரணக் கணக்கிலேயே எடுப்பார்கள். அறுக்கிறதுக்கு முன்னாடி எல்லா மரத்தையும் போட்டோ எடுத்து, சிட்டா அடங்கலில் மாமரம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு அடங்கலில் தரிசு என்று இருந்ததால் 14 தென்னை போனதற்கு ஒரு பைசா வரவில்லை. காற்றுக்குப் பெயர் அப்புறம் வைக்கலாம்.

வானம்பார்த்தவன்_காட்பாடி:
அவர் சொல்வது சரி, ஆனால் அந்தப் போட்டோவையே கொஞ்சம் ஒழுங்காக எடுத்தால் ரெண்டு வேலையும் முடியும்.

ஒவ்வொரு மரத்துக்கும் அடிமரத்தில் நின்று நுனியைப் பார்த்து, செல்போன் திசைகாட்டியில் எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம், அதை விட்டுவிடலாம். ஆனால் பம்புசெட் இரும்புக்கும் கம்பி வேலிக்கும் பக்கத்தில் நிற்காதீர்கள், முள் பொய் சொல்லும்.

மேகத்தில் இருந்து காற்று பொத்தென்று கீழே கொட்டினால், தரையில் பட்டு நாலாபக்கமும் சிதறும், மரங்கள் விசிறி மாதிரி வெளிப்பக்கமாகப் படுத்திருக்கும். ஃபுஜிட்டா என்கிற வானிலை ஆராய்ச்சியாளர் 1974ல் அமெரிக்க டொர்னாடோ சேதத்தை விமானத்தில் இருந்து பார்த்தபோது சில இடங்களில் இந்த விசிறியைக் கண்டுதான், சுழலாத இப்படி ஒரு காற்றும் உண்டு என்று பிடித்தார். சுழற்காற்று என்றால் ரெண்டு ஓரத்து மரங்களும் நடுக்கோட்டைப் பார்த்து விழும். நம் அரைக்கோளத்தில் பெரும்பாலும் இடஞ்சுழி (மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும்), ஆகவே அது மேற்கே இருந்து கிழக்கே போயிருந்தால் தென் ஓரத்தில் சுழலும் வேகமும் நகரும் வேகமும் சேர்ந்துகொள்ளும், அங்கேதான் சேதம் அதிகம்.

முக்கியமாக, ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிற மரங்களைத் தேடுங்கள். கீழே கிடப்பது முதலில் விழுந்தது, அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஏற்கெனவே சாய்ந்து வளர்ந்த தென்னை, அடி செல்லரித்த மரம், ஒருபக்கம் மட்டும் கிளை கனத்த மரம் இதையெல்லாம் தனியாக எழுதுங்கள், அதெல்லாம் காற்று எங்கே தள்ளினாலும் தன் இஷ்டத்துக்குத்தான் விழும்.

குடியாத்தம்காரன்:
இதுக்கெல்லாம் சென்னை ரேடார் படம் எடுத்துப் பார்த்தால் போதாதா சார்?

வானம்பார்த்தவன்_காட்பாடி:
போதாது. பூமி வளைவு இருக்கிறது, கதிரும் மேல்நோக்கிப் போகிறது, வேலூர் தூரத்துக்கு வரும்போது அது சுமார் 2 கி.மீ. உயரத்தில் இருக்கும். 40 தப்படி காற்றை அது எங்கே பார்க்கும்? மரம்தான் ரேடார்.

ஒடுகத்தூர்_தோப்பு:
நேற்று காலையில் நானும் தம்பியும் அளந்தோம். விழுந்தது 31, அதில் எட்டு மரத்தைத் தள்ளிவிட்டோம் (நாலு தென்னை முன்னமே சாய்ந்தவை, மீதி அடி உளுத்தவை). தென் ஓரத்தில் 15, எல்லாம் ஏறக்குறைய வடகிழக்கு. வட ஓரத்தில் ஆறுதான், தெற்குப் பார்த்து. நடுவில் ஒரு இடம்: கீழே வேம்பு வடக்கே தலை வைத்துக் கிடக்கிறது, அதன் மேலே ஒரு பெங்களூரா தென்கிழக்கே. வேம்பின் பட்டை மாமரம் விழுந்த இடத்தில் நசுங்கி, இன்னும் ஈரமாக இருக்கிறது. காயெல்லாம் அடியில் மாட்டிக்கொண்டது, அதைச் சொன்னால் அழுகைதான் வரும்.

வானம்பார்த்தவன்_காட்பாடி:
அந்த ஒரு ஜோடியே சொல்லிவிட்டது. சுழல் கிழக்கே நகரும்போது அதன் முன்பக்கக் காற்று வடக்கே தள்ளும், தாண்டிப்போன பிறகு பின்பக்கக் காற்று தெற்கே தள்ளும். மேலிருந்து கொட்டிய காற்று 40 தப்படிக்குள் இப்படித் திரும்பி அடிக்காது. என் கணக்கில் இது பலவீனமான டொர்னாடோ. டொர்னாடோவைத் தரம் பிரிக்கிற அமெரிக்க அளவுகோலில் ஆகக் கீழ்ப்படி, அதாவது மணிக்கு 105 முதல் 137 கி.மீ. என்று நினைக்கிறேன். இதற்கு மேல் வேகம் சொன்னால் அது ஜோசியம்.

ஒடுகத்தூர்_தோப்பு:
ரொம்ப நன்றி சார். கிழக்குக் கோடியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏழெட்டு மரம் அறுத்து ஏற்றிவிட்டார், அதை இனி அளக்க முடியாதா?

வானம்பார்த்தவன்_காட்பாடி:
வேரோடு சாய்ந்தது என்றால் பள்ளத்தைப் பாருங்கள், வேர்க்கட்டைக்கு எந்தப் பக்கம் பள்ளம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் மரம் விழுந்திருக்கும். ஒன்று, அறுத்ததும் சில வேர்க்கட்டை சட்டென்று நிமிர்ந்து பள்ளத்திலேயே உட்கார்ந்துவிடும், அப்படி உட்கார்ந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் தோப்பில் அறுக்கும்போதும் அந்தப் பள்ளத்துக்குள் யாரையும் நிற்க விடாதீர்கள்.