பேக்கப் கோப்பு வெறும் 20 பைட், ரிஸ்டோர் செய்தால் பெயரெல்லாம் கேள்விக்குறி

குலைக்கிராணி, சுங்கை சிப்புட்:
வணக்கம். செம்பனைக் குலை எடை போடும் ஆபீஸ் கணினியில் உபுண்டு லினக்ஸ், அதில் மரியாடிபி டேட்டாபேஸ் ஓடுது. லோரி எண், எடை, சிறுதோட்டக்காரர்களின் பெயர் (தமிழில்) எல்லாம் அதில்தான் இருக்கு. இரவு 2 மணிக்கு கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் நிரல்) ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டை ஓட்டும். டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் தருவதை பைப் வழியே ஜிஸிப் சுருக்கி, யூஎஸ்பி டிஸ்க்கில் எழுதும். டம்ப் வரியில் ‘டிஃபால்ட்-கேரக்டர்-செட்=லாட்டின்1’ (எழுத்துக் குறியாக்கம்) என்று பழைய ஆள் போட்டு வைத்திருக்கார். கடைசி வரியில் ஃபைண்ட், ‘எம்டைம் +14’, டெலீட்: இரண்டு வாரத்துக்கு மேல் பழைய கோப்பை அழிக்கும்.

கடைசி ஒன்பது கோப்பும் சரியாக 20 பைட். பிழை வந்தால் மின்னஞ்சல் வரணும், ஒன்றுகூட வரலை. அதற்கு முந்தைய கோப்பு 38 எம்பி. அதை வேறு கணினியில் ஏற்றினால் எடையும் தேதியும் சரியாக இருக்கு, ‘முருகன்’ இருந்த இடத்தில் ஏழு கேள்விக்குறி. மூலக் கணினியில் பெயர் ஒழுங்காகத் தெரியுது. எங்கே பிசகு?

கருமுனையம்:
முதலில் அந்த ஃபைண்ட் வரியை முடக்குங்க, இப்பவே. புது பேக்கப் வந்ததா இல்லையா என்று பார்க்காமலே அது பழையதை அழிக்குது. இன்னும் ஒரு வாரம் போனால் 38 எம்பி கோப்பும் போயிடும்.

20 பைட் என்பது ஒன்றுமே உள்ளே வராதபோது ஜிஸிப் எழுதும் வெறும் உறை. டம்ப் தோற்றுப்போச்சு, ஆனால் பைப்பில் கடைசியாக நிற்கும் ஜிஸிப் தன் வேலையைச் சரியாக முடித்தது. ஷெல் பார்ப்பது கடைசி ஆளின் எக்ஸிட் கோடு (முடிவு எண்) மட்டும்தான், அது 0, அதாவது வெற்றி. அதனால்தான் உங்க ஸ்கிரிப்ட்டுக்குப் பிழையே தெரியலை. ‘செட் -ஓ பைப்ஃபெயில்’ போடுங்க, பைப்பில் யார் தோற்றாலும் பிழை என்று தெரியும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் பாஷ் ஷெல் இருக்கணும். உபுண்டுவில் எஸ்எச் என்றால் டாஷ் என்ற வேறு ஷெல், அதை நம்பி பைப்ஃபெயில் போடாதீங்க.

எழுதும்போது ‘.பார்ட்’ என்ற தற்காலிகப் பெயரில் எழுதுங்க. பிறகு கோப்பு கெடாமல் இருக்கா என்று ‘ஜிஸிப் -டி’ சோதனை, அதன் பிறகு கோப்பின் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ இருக்கா என்று பார்ப்பது. இரண்டும் தேறினால் மட்டும் எம்வி கொடுத்து உண்மைப் பெயருக்கு மாற்றணும். பழையதை அழிப்பது அதற்கும் பிறகு. பாதியில் கரண்ட் போனாலும் அரைகுறைக் கோப்பு நல்ல பெயரில் உட்காராது.

மின்னஞ்சல் வராததற்குக் காரணம், அந்தக் கணினியில் அஞ்சல் அனுப்பும் மென்பொருளே இல்லாமல் இருக்கலாம். அப்போது கிரான் வெளியீட்டைக் கீழே போட்டுவிட்டு, சிஸ்லாக்கில் (கணினியின் பதிவேடு) ஒரு வரி மட்டும் எழுதும். ஸ்கிரிப்ட்டைக் கையால் ஓட்டுங்க, உண்மையான பிழை திரையில் வரும்.

எழுத்துரு_அண்ணன்:
தம்பி, கேள்விக்குறி ரிஸ்டோரில் வந்ததில்லை. டம்ப் எடுக்கும்போதே வந்தாச்சு. ஸீகிரெப்பில் (சுருக்கிய கோப்புக்குள் தேடும் கட்டளை) அந்தக் கோப்பைத் திறந்து பாருங்க, அங்கேயே இருக்கும். லாட்டின்1-இல் தமிழுக்கு இடமே இல்லை. அதனால் சர்வர் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு ‘?’ போட்டு அனுப்புது. ம, உகரம், ர, உகரம், க, ன, புள்ளி: ஏழு. அந்தக் கோப்பிலிருந்து பெயரை மீட்க வழியே இல்லை. மூலக் கணினி உயிரோடு இருப்பதுதான் உங்க நல்ல காலம்.

லாட்டின்1 என்று யாரும் சும்மா போடுவதில்லை. முன்பு பல செயலிகள் லாட்டின்1 இணைப்பில் தமிழை அப்படியே தள்ளின, அதற்கு இது மருந்தாக இருந்தது. அதனால் மாற்றுவதற்கு முன் மூலத்தில் ஒரு பெயருக்கு ஹெக்ஸ் (சேமித்த பைட்டுகளின் எண் வடிவம்) எடுத்துப் பாருங்க. ‘ஈ0 ஏஈ’ என்று தொடங்கினால் தரவு சுத்தம், டம்பில் லாட்டின்1-க்குப் பதில், தமிழைத் தாங்கும் ‘யூடிஎஃப்8எம்பி4’ போட்டால் போதும். ‘சி3 ஏ0’ என்று தொடங்கினால் இரட்டைக் குறியாக்கம், அதாவது ஒரே எழுத்தை இருமுறை மாற்றியிருக்கு. அது வேறு நோய், தொடாமல் இங்கே சொல்லுங்க.

‘சிங்கிள்-டிரான்சாக்‌ஷன்’ சேர்த்தால் எடை போடும் நேரத்திலும் டேபிளைப் பூட்டாமல் ஒரே கணத்தின் படம் கிடைக்கும். டேபிள் எல்லாம் இன்னோடிபி என்ற சேமிப்பு முறையில் இருந்தால்தான் அது பலிக்கும், மைஐசாம் என்ற இன்னொரு முறைக்குப் பலிக்காது. ‘ரொட்டீன்ஸ்’ (டேட்டாபேஸில் சேமித்த நிரல்கள்), ‘ஈவென்ட்ஸ்’ (அதில் நேரம் குறித்த வேலைகள்) இரண்டையும் டம்ப் வரியில் நீங்களே எழுதணும். டிரிகர் (தரவு மாறும்போது ஓடும் நிரல்) தானாகவே வரும்.

வயர்_மணி:
இன்னும் இரண்டு இருக்கு. யூஎஸ்பி டிஸ்க் மவுன்ட் ஆகலைன்னா (ஃபோல்டரோடு இணையலைன்னா), அதே பெயருள்ள வெற்று ஃபோல்டரில், உள் டிஸ்க்கிலேயே பேக்கப் எழுதப்படும், யாருக்கும் தெரியாது. ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் ‘மவுன்ட்பாயின்ட் -கியூ’ வைத்து, இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்க. இடி மின்னலுக்குப் பயந்து மாலையில் மெயின் சுவிட்சை அடைக்கிற ஆபீஸ் என்றால் இரவு 2 மணிக்குக் கணினியே ஓடாது. தவறிப்போன வேலையை கிரான் பிறகு எடுத்துச் செய்யாது. கிரானுக்குப் பதில் சிஸ்டம்டி டைமரில் ‘பெர்சிஸ்டன்ட்=ட்ரூ’ போட்டால், காலையில் கணினியைத் திறந்ததும் ஓடும்.

குலைக்கிராணி:
கையால் ஓட்டினேன், பிழை 1045 (உள்நுழைய அனுமதியில்லை). கடவுச்சொல்லை மாற்றியவர் ஸ்கிரிப்ட்டில் மாற்றலை. ஹெக்ஸ் ‘ஈ0 ஏஈ’. புது டம்ப் 41 எம்பி, பெயர்கள் அப்படியே இருக்கு. ஆனால் வேறு கணினியில் ஏற்றும்போது முதல் வரியிலேயே ‘அன்னோன் கமாண்ட்’ என்று நின்றுடுது.

கருமுனையம்:
அங்கே கிளையன்ட் (டம்பை ஏற்றும் மரியாடிபி நிரல்) பழையது. 2024 மே முதல் வந்த மரியாடிபி டம்ப்கள் முதல் வரியில் சாண்ட்பாக்ஸ் கட்டளை ஒன்றை எழுதும், பழைய கிளையன்ட்டுக்கு அது புரியாது. கிளையன்ட்டைப் புதுப்பிப்பதே நல்லது. அவசரம் என்றால் ‘டெயில் -என் +2’ வழியாக முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு ஏற்றுங்க. முடிந்ததும் வியூவை (சேமித்து வைத்த வினவல்) திறக்கும்போது பிழை 1449 வந்தால், அதன் டிஃபைனராக (உரியவராக) பதிவான பயனர் அந்தக் கணினியில் இல்லை என்று பொருள். பயனர்கள் தனி டேட்டாபேஸ் டம்பில் வரமாட்டாங்க, அதே பெயரில் உருவாக்குங்க. கடவுச்சொல்லையும் ஸ்கிரிப்ட்டிலிருந்து எடுத்து, 600 அனுமதியுள்ள (உரிமையாளர் மட்டும் படிக்கக்கூடிய) ‘.மை.சிஎன்எஃப்’ கோப்பில் வையுங்க. அடுத்த முறை மாற்றுகிறவர் அந்த ஒரு இடத்தில் மாற்றினால் போதும்.