கெம்பஸ் தெரிவு பத்தின ஆய்வுகளை மேப் பண்றேன், மலையகம் எங்கயுமே வரல, என்ன செய்யலாம்?

மஸ்கெலியாகாரி:
எல்லாருக்கும் வணக்கம். எம்.எட் ஆய்வுக்கு பிப்லியோமெட்ரிக் மேப்பிங் எடுத்திருக்கேன், அதாவது உயர்கல்விக்கு யார் போறாங்க, எந்தக் கோர்ஸ் எந்த கெம்பஸ்னு எப்புடித் தெரிவு செய்றாங்கன்னு உலகம் பூரா வந்த ஆய்வுகளை ஒண்ணாப் போட்டு, எந்தத் தலைப்பு எப்ப ஏறுச்சு எது அடங்கிப்போச்சுன்னு பாக்குறது. ஸ்கோபஸ்ங்கிற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்துல தேடி எடுத்து, மேப் வரையிற வொஸ்வியூவர் மென்பொருள்ல போட்டா படம் கலர் கலரா வருது, ஆனா நடுவுல பெரிய வட்டமா நிக்கிறது "ஹியூமன்", "ஃபீமேல்", "ஆர்ட்டிகல்"!! இதை வச்சு நான் என்னத்த எழுத? ஒரு ஓரத்துல மல்டிபிள் சொய்ஸ் வினாத்தாள் பத்தின பேப்பரெல்லாம் வேற வந்து குந்திக்கிட்டு இருக்கு. நுவரெலியா, பதுளை, தோட்டம்னு தேடுனா கைப்பிடி அளவுகூட வரல. சுப்பர்வைசர் என்னான்னா "இல்லைங்கிறதையே கண்டுபிடிப்பா எழுதுங்க"ங்கிறார். அப்புடி எழுதலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

டேட்டா தம்பி:
அக்கா, அந்த ஹியூமன் ஃபீமேல் எல்லாம் ஸ்கோபஸ்காரங்க தாங்களே ஒட்டுற இண்டெக்ஸ் கீவேர்ட், மருத்துவப் பேப்பர்ல இருந்து வருது. வொஸ்வியூவர்ல ஓதர் கீவேர்டை, அதாவது எழுதினவங்களே குடுத்த கீவேர்டை மட்டும் எடுங்க, பாதித் தலைவலி போயிரும். வினாத்தாள் பிரச்சினைக்கு தேடல்லயே "மல்டிபிள் சொய்ஸ்"ஸ வெளிய தள்ளுற மாதிரி நொட் (NOT) போடுங்க. அடுத்தது, கிட்டத்தட்ட ஒரே விஷயத்துக்கு அமெரிக்காக்காரன் "காலேஜ் சொய்ஸ்"னு எழுதுவான், இங்கிலாந்துல "வைடனிங் பார்ட்டிசிபேஷன்"பாங்க, ரெண்டையும் போடலைன்னா மேப்ல ஒரு நாடே காணாமப் போயிரும். காசு கட்டாம வேணும்னா ஓப்பன்அலெக்ஸ்ங்கிற தரவுத்தளம் இருக்கு, 2022ல வந்தது, வொஸ்வியூவர்ல இருந்தே நேரா இழுக்கலாம். ஆர் ப்ரோகிராமிங் தெரிஞ்சா பிப்லியோமெட்ரிக்ஸ் பக்கேஜ், தெரியாட்டி அதோட பிப்லியோஷைனி, கோட் எழுதத் தேவையில்ல. எது செஞ்சாலும் தெசோரஸ் ஃபைல் ஒண்ணு எழுதி ஒரே அர்த்தத்துல வார கீவேர்டை எல்லாம் ஒண்ணாக்கிட்டு ஓட விடுங்க, அது சலிப்புப் பிடிச்ச வேலைதான், ஆனா மேப் நல்லா வாரதும் நாறிப்போறதும் அதுலதான் இருக்கு.

"இல்லைங்கிறதே கண்டுபிடிப்பு" - கவனமா எழுதணும். ஸ்கோபஸ்ல இல்லைங்கிறது வேற, ஆய்வே இல்லைங்கிறது வேற. நம்ம ஆளுங்க தமிழ்ல எழுதினது, மாநாட்டுத் தொகுப்பு, கெம்பஸ் லைப்ரரில தூசி தட்டாமக் கிடக்கிற தீசிஸ் இதெல்லாம் அங்க ஏறியே இருக்காது. இலங்கை ஆய்விதழ்கள் உள்ள எஸ்எல்ஜோல், இலங்கைத் தமிழ் எழுத்துகளைச் சேக்கிற நூலகம் தளம் ரெண்டையும் கையால தேடிட்டு அப்புறமா இல்லைன்னு எழுதுங்க.

பண்டாரவளை மாஸ்டர்:
தம்பி சொன்னது மெஷின் பக்கம். எனக்கு வேற ஒரு சங்கடம் இருக்கு மகள். ஏஎல் (உயர்தர) வகுப்பு எடுக்கிறவன், அதனால சொல்றேன். தெரிவுன்னு வெளிநாட்டுல எழுதுறவங்க ஹொஸ்லரும் கல்லகரும் 1987ல சொன்ன மூணு கட்டத்தைத்தான் இன்னைக்கும் சுத்திச் சுத்தி வாராங்க, முதல்ல படிக்கணும்ங்கிற எண்ணம் வருது, அப்புறம் தேடுறாங்க, அப்புறம் தெரிவு பண்றாங்க. நம்ம புள்ளைக்கு அந்தக் கடைசிக் கட்டம் யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) கையேட்டைப் பாத்து யூனிகோட், அதாவது கோர்ஸ்-கெம்பஸ் குறியீடு, வரிசை போடுறதோட முடிஞ்சுருது, மிச்சத்தை இஸட் ஸ்கோர் (ஏஎல் மார்க்கைச் சமப்படுத்திப் போடுற புள்ளி) பாத்துக்கும். உண்மையான தெரிவு ஓஎல் (சாதாரண தர) ரிசல்ட் வந்த கிழமையே நடந்து முடிஞ்சுது. எப்புடின்னா, ஏஎல்லுக்கு சயன்ஸ், மெத்ஸ் இருக்கிறது 1ஏபி பாடசாலையிலதான், தோட்டத்தைச் சுத்தி பெரும்பாலும் இருக்கிறது ஆர்ட்ஸ், கொமர்ஸ் மட்டும் உள்ள 1சி, இல்லாட்டி ஏஎல்லே இல்லாத டைப் 2. எங்க வகுப்புல கெமிஸ்ட்ரிக்கு நல்லா வரக்கூடிய புள்ள ஒண்ணு ஆர்ட்ஸ்ல உக்காந்திருக்கு, ஏன்னு கேட்டா, டவுன்ல போர்டிங் வச்சுப் படிக்க வீட்டுல வசதியில்ல, காலையில முதல் பஸ் ஏறினாலும் ரெண்டாம் பாடத்துக்குத்தான் வந்து சேரலாம்ங்குது. இதை எந்த கெம்பஸ் சொய்ஸ் மொடல்ல போடுவீங்க? வெளிநாட்டுப் பேப்பர்ல "தூரம்"னா வீட்டுல இருந்து கெம்பஸுக்கு. 2005ல இருந்து பதுளையிலயே ஊவா வெல்லஸ்ஸ கெம்பஸ் இருக்கு, பக்கத்துல இருந்து என்ன, இஸட் ஸ்கோர் இல்லாம உள்ள போக ஏலுமா? நமக்குத் தூரம்ங்கிறது லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருந்து சயன்ஸ் உள்ள ஸ்கூலுக்கு.

கண்டி ரோட்டு பயணி:
மாஸ்டர் சொன்னதோட இதையும் சேத்துக்கங்க. அனுமதி 40 வீதம் அகில இலங்கை மெரிட், 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியல்ல இருக்கு, கண்டி இல்ல. மாவட்டம் எதுன்னு படிச்ச ஸ்கூலை வச்சுத்தான் பாக்குறாங்க. அதனால சயன்ஸ் தேடி கண்டிக்குப் போற நுவரெலியா மாவட்டத்து ஹட்டன் புள்ள நல்ல வாத்தியாரும் கிடைச்சு, கண்டியோட கூடின கட் ஓஃபும் (உள்ள போக வேண்டிய குறைஞ்ச இஸட் ஸ்கோர்) சேத்து வாங்கிக்குது. இன்னொண்ணு, கோட்டா மாவட்டத்துக்குத்தானே தவிர தோட்டத்துக்குன்னு தனியா இல்ல, டவுன் புள்ளையும் அதே பட்டியல்லதான் நிக்கும். மேப்ல இதெல்லாம் வரவே வராது, பிப்லியோமெட்ரிக்ஸ் காட்டுறது யார் என்ன எழுதினாங்கன்னு, புள்ளைங்க எங்க போனாங்கன்னு இல்ல.

மஸ்கெலியாகாரி:
நன்றி அண்ணே, தம்பி, மாஸ்டர். ஓதர் கீவேர்ட் மட்டும் எடுத்துப் பாத்தேன், இப்பத்தான் மேப் மாதிரி இருக்கு. வருஷத்தைக் கலராக் காட்டுற ஓவர்லேல போட்டா கட்டணம், கடன், சர்வதேச மாணவர்னு ஒரு பக்கம் திரளுது, சமத்துவம், வர்க்கம்னு இன்னொரு பக்கம். மாஸ்டர் சொன்ன ஏஎல் துறைத் தெரிவு ரெண்டு பக்கத்துலயும் ஒட்டல, ஸ்கூல் கல்வி ஆய்வுக்குள்ள தனியாக் கிடக்கு. சுப்பர்வைசர் கிட்ட தலைப்பை மாத்தாம, ஓஎல்லுக்குப் பிந்தின துறைத் தெரிவையும் தேடல்ல சேர்க்கட்டான்னு கேக்கலாம்னு இருக்கேன். சேர்த்தா ரொம்பப் பெருசாயிருமா?

டேட்டா தம்பி:
பெருசாகும் அக்கா, ஆனா அதைத் தனித் தேடலா ஓட்டுங்க, ஒரே கூடையில கொட்டாதீங்க. ரெண்டு மேப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரெண்டுலயும் யாரை மேற்கோள் காட்டுறாங்கன்னு கோ சைட்டேஷன் பாத்தா, ஒருத்தர ஒருத்தர் வாசிக்கிறாங்களா இல்லையான்னு தெரிஞ்சுரும். இலங்கைத் தேடலுக்கு "எஸ்டேட் செக்டர்", "ப்ளான்டேஷன் தமிழ்", "இண்டியன் தமிழ்", "அப் கன்ட்ரி", "மலையக" எல்லாத்தையும் "ஓர்" (OR) போட்டுக் கோத்துருங்க. எண்ணிக்கை தேவைப்பட்டா புள்ளிவிபரத் திணைக்களத்தோட வீட்டு வருமானச் செலவு அறிக்கையப் பாருங்க, அதுல நகரம், கிராமம், தோட்டம்னு பிரிச்சே இருக்கும். தெசோரஸ் ஃபைல் முடிஞ்சா இங்கயே போடுங்க, நானும் ஒருக்கா பாத்துச் சொல்றேன்.