'அழிவின் விளிம்பில்' என்று எழுதினால்தான் ஊர் கேட்குமா?

கொட்டியாரக்கரை:
கடலரிப்புக் கூட்டத்துக்கு "அழிவின் விளிம்பில் திருகோணமலை" என்று பதாகை கட்டியிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 2020 டிசம்பரில் புரெவி புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறியது. பயந்த அளவுக்குச் சேதமில்லை. பிறகு மீன்வாடிகளில் "சும்மா வெருட்டிப்போட்டாங்கள்" என்றுதான் பேச்சு. எதற்கெடுத்தாலும் பெரிய சொல்லைப் போட்டால், நிஜ ஆபத்து வரும்போது ஒருவரும் எழும்பமாட்டார்கள்.

உவர்மலை வாசகி:
அண்ணா, புயல் வலுவிழக்கும், திசை மாறும். பூமி சூடாவது அப்படியில்லை. 1850–1900 காலத்தைவிட 2011–2020இல் உலகச் சராசரி வெப்பம் 1.1 பாகை செல்சியஸ் கூடியிருந்தது. மனிதச் செயலே காரணம் என்பதில் ஐயமில்லை என்று ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2021இல் சொல்லிவிட்டது. மெதுவான சொல்லுக்குப் பின்னாலும் ஆட்கள் இருக்கிறார்கள். 2002இல் பிராங்க் லன்ட்ஸ் என்ற ஆலோசகர், 'புவி வெப்பமடைதல்' பயமுறுத்துகிறது, 'காலநிலை மாற்றம்' என்றே சொல்லுங்கள் என்று அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்குக் குறிப்பு எழுதினார். அறிவியலில் இன்னும் முடிவு வரவில்லை என்ற எண்ணத்தை மக்களிடம் காப்பாற்றச் சொன்னதும் அதே குறிப்புதான். 2019இல் பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகை 'காலநிலை மாற்றம்' என்பதற்குப் பதில் 'காலநிலை அவசரநிலை' என்று எழுதத் தொடங்கியது சரியென்பேன்.

கொட்டியாரக்கரை:
தங்கச்சி, 1988இல் தொடங்கிய ஐ.பி.சி.சி.யின் பெயரிலேயே 'காலநிலை மாற்றம்' இருக்கிறது. லன்ட்ஸ் அதை உருவாக்கவில்லை, தனக்குத் தோதாக எடுத்துக்கொண்டார். என் கவலை வேறு. கரை கரைவதற்கெல்லாம் காலநிலைதான் காரணம் என்று முழங்கினால், மணல் அள்ளுகிறவனும் கண்டல் வெட்டுகிறவனும் அந்தச் சத்தத்துக்குள் தப்பிவிடுகிறார்கள். அவர்களைப் பெயர் சொல்லிக் கேட்க யாரும் இல்லை.

மூதூர்த் தம்பி:
சம்பூரில் கட்டவிருந்த நிலக்கரி அனல்மின் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் உலக அழிவு பற்றிப் பேசி யாரும் கூடவில்லை. சாம்பல் எங்கே விழும், சுடுநீரைக் கடலில் விட்டால் மீன் என்னாகும் என்றுதான் கேட்டார்கள். 2016இல் திட்டம் கைவிடப்பட்டது.

உவர்மலை வாசகி:
சரி தம்பி, சாம்பல் கண்ணுக்குத் தெரியும். கடலின் சூடு தெரியாதே! அந்தச் சூட்டில் புறாமலைத் தீவின் முருகைக்கல் (பவளப்பாறை) வெளிறினால் சுழியோடுகிறவர்தான் பார்க்கிறார். கரையில் நிற்பவருக்கு அதே நீலக் கடல்தான். மணல் கொள்ளையைப் பற்றி அண்ணன் சொன்னதையும் பதாகையில் சேர்ப்போம், அதில் எனக்குத் தடையில்லை. ஆனால் குரலைத் தாழ்த்தச் சொல்லாதீர்கள். லன்ட்ஸ் கேட்டதும் அதைத்தான்.