சூரிய ஒளியும் கழிவுக் கரியமில வாயுவும் எரிபொருளாகுமா?

கேள்வி:
ஆலைப் புகைபோக்கிகளிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்து, சூரிய ஆற்றலைக் கொண்டு மெத்தனாலாகவோ விமான எரிபொருளாகவோ மாற்றலாம் என்று படிக்கிறேன். எரிந்து முடிந்த பொருளிலிருந்து எரிபொருள் செய்வது, சாம்பலிலிருந்து விறகு செய்வதைப் போன்றதல்லவா? அப்படியே செய்தாலும், அதை எரிக்கும்போது அதே வாயுதானே மீண்டும் காற்றில் கலக்கும்? இதில் நமக்குக் கிடைக்கும் ஆதாயம்தான் என்ன?

மறுமொழி 1:
தங்கள் ஐயம் நியாயமானது. கரியமில வாயுவில் எரிப்பதற்கான ஆற்றல் ஏதும் மிச்சமில்லை. எரிபொருளில் சேரும் ஆற்றல் முழுவதும் சூரியனிடமிருந்தே வர வேண்டும். வாயு அதைச் சுமக்கும் கலம் மட்டுமே. செடிகளும் இதைத்தான் செய்கின்றன, ஆனால் பெரும்பாலான பயிர்கள் தம்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 1 விழுக்காட்டையே சேமிக்கின்றன.

இன்று நடைமுறைக்கு மிக அருகில் இருக்கும் வழி, சூரிய மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஹைட்ரஜன் எடுத்து, அதைச் செம்பு, துத்தநாகம் கலந்த வினையூக்கியின் மேல் கரியமில வாயுவுடன் சேர்த்து மெத்தனாலாக்குவதாகும். 1 டன் மெத்தனாலுக்குச் சுமார் 1.4 டன் கரியமில வாயுவும் 190 கிலோ ஹைட்ரஜனும் தேவை. 1 கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்க 50 யூனிட் மின்சாரம் என்று வைத்துக்கொண்டால், ஹைட்ரஜனுக்கு மட்டுமே 9,500 யூனிட் செலவாகிறது. கையில் கிடைக்கும் மெத்தனாலில் அடங்கியிருப்பதோ ஏறத்தாழ 5,500 யூனிட். ஆகவே இத்தொழிலின் செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன்தான். செய்தித் தலைப்புகளில் இடம்பிடிப்பது என்னவோ கரியமில வாயு.

மறுமொழி 2:
அதே வாயு மீண்டும் கலக்குமே என்ற இரண்டாவது கேள்விக்கு, வாயுவிலுள்ள கரிமம் (கார்பன்) எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தே விடை அமையும். நிலக்கரி ஆலையின் புகையிலிருந்து எடுத்தால், பூமிக்கடியிலிருந்து வந்த கரிமம் ஒரு முறைக்குப் பதிலாக இரு முறை பயன்பட்டு, இறுதியில் காற்றுக்கே போகிறது. இரு பயன்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் உமிழ்வு அதிகபட்சம் பாதியாகக் குறையலாமே தவிர, இல்லாமற்போகாது. ஆலையும் எரிபொருளை வாங்குபவரும் ஆளுக்கொரு பக்கம் அந்தக் குறைப்பைத் தமதென்று எழுதிக்கொண்டால், அது வெறும் இரட்டைக் கணக்கு. சர்க்கரையைப் புளிக்க வைத்து எத்தனால் வடிக்கும் ஆலைகளில் வெளிவரும் வாயு இதனினும் மேலானது: அது செடிகள் காற்றிலிருந்து எடுத்தது, ஏறக்குறையத் தூயதாகவும் கிடைக்கிறது. காற்றிலிருந்தே நேரடியாகப் பிரிக்கலாம்தான். ஆனால் அங்கே அதன் அளவு 0.04 விழுக்காட்டைச் சற்றே தாண்டுவதால், பிரிப்பதற்கே பேராற்றல் வேண்டும்.

மறுமொழி 3:
மின்சாரம் என்ற இடைப்படி இல்லாத வழிகளும் உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையின் மேல் ஒளி பட்டால் நீர் பிரியும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் ஃபூஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் வெளியிட்டார்கள். கரியமில வாயுவையும் அவ்வாறே மாற்றும் முயற்சிகள் அதன்பின் பெருகின. ஆய்வுக்கூடத்தில் இது நடக்கிறது, ஆனால் விளைச்சல் சொற்பம். செம்பு மின்முனையில் மின்சாரத்தால் மாற்றினாலும், மீத்தேன், எத்திலீன், எத்தனால் எனப் பத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கலந்து வருவதால், பிரித்தெடுப்பது தனி வேலையாகிவிடுகிறது.

என் பார்வையில் சுவையான வழி வெப்பவழியே. ஸ்பெயினின் மோஸ்டோலெஸ் நகரில், கண்ணாடிகளால் குவித்த ஒளியைக் கொண்டு சீரியம் என்னும் உலோகத்தின் ஆக்சைடை ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி அதன் ஆக்சிஜனில் ஒரு பகுதியை வெளியேற்றினார்கள். பின்பு குளிர்ந்த அந்த ஆக்சைடு, நீராவியிலிருந்தும் கரியமில வாயுவிலிருந்தும் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, எஞ்சிய ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் மண்ணெண்ணெயாக மாற்றப்பட்டன. 2022இல் வெளியான ஆய்வின்படி, சூரிய ஆற்றலில் சுமார் 4 விழுக்காடே அந்த வாயுக் கலவையில் சேர்ந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் கார்களுக்கு இது பொருந்துமா?

மறுமொழி 1:
பொருந்தாது என்பதே என் கருத்து. சூரிய மின்சாரத்தை மின்கலத்தில் ஏற்றி ஓட்டினால் அதில் முக்கால் பங்களவு சக்கரத்தைச் சென்றடையும். மெத்தனாலாக்கி இயந்திரத்தில் எரித்தால் ஐந்தில் ஒரு பங்குகூடச் சேராது. நீண்ட தொலைவு பறக்கும் விமானத்துக்கு இந்தக் கணக்குச் செல்லாது, ஏனெனில் 1 கிலோ விமான எரிபொருளில் 12 யூனிட் ஆற்றல் இருக்க, அதே எடையுள்ள மின்கலத்தில் கால் யூனிட் அளவே அடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2050க்குள் விமான எரிபொருளில் 35 விழுக்காடு இத்தகைய செயற்கை எரிபொருளாக இருக்க வேண்டும் என விதித்திருப்பதும் இதனால்தான்.