படி ஏற ஏலாதவரோடு கொழும்பில் பஸ், ரயில்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வெள்ளவத்தை மகள்:

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. நேர்ப்பாதை என்றால் மெதுவாக எவ்வளவு தூரமும் நடப்பார், படி என்றால்தான் ஏலாது. எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் காலி வீதி, 100, 101 என்று ஒன்றன்பின் ஒன்றாக பஸ் வந்துகொண்டே இருக்கும். மறுபக்கம் மரீன் டிரைவ், அதைத் தாண்டினால் ரயில் பாதை, அப்புறம் கடல். போக்குவரத்து வசதி என்றுதான் இவ்வளவு வாடகை கொடுத்து இங்கே இருக்கிறோம். ஆனால் அம்மா இந்த இரண்டிலும் ஏறுவதில்லை. கிளினிக்குக்கும் ஓட்டோ, கதிரேசன் கோவிலுக்கும் ஓட்டோ, பென்ஷன் காசில் பெரும்பகுதி அதற்கே போகிறது.

அம்மா பஸ்ஸில் கடைசியாக ஏறியதை எழுதுகிறேன். பஸ் ஹோல்ட்டில் ஓட்டோக்கள் நின்றதால் பஸ் கரைக்கு வரவில்லை, நடுவீதியில் நின்றது. நடைபாதையிலிருந்து இறங்குவதே ஒரு பெரிய படி, அதில் என் தோளைப் பிடித்து இறங்கினார். பஸ்ஸின் முதல் படி அவருடைய முழங்காலுக்கு மேலே இருந்தது. இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, கால் வைக்க முடியாமல் முழங்காலையே அந்த இரும்புப் படியில் ஊன்றினார், சேலைக் கரை காலுக்குள் மாட்டிக்கொண்டது, நான் பின்னால் நின்று இடுப்பைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே கொண்டக்டர் பஸ்ஸின் பக்கத்தில் தட்டி "இஸ்ஸரஹட்ட யன்ன" (முன்னால் போங்கள்) என்கிறார். உள்ளே நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று கையைக் கொடுத்து இழுத்தது. இடமும் உடனே கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் முழங்காலுக்குக் கீழே இரும்பு விளிம்பு பட்ட இடம் கன்றிப் போய் ஒரு கோடாகக் கிடந்தது. அதற்குப் பிறகு பஸ் என்றாலே "ஓட்டோவைக் கூப்பிடு பிள்ளை" என்றுதான் சொல்கிறார்.

உங்கள் வீடுகளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? படி இல்லாமல் ஏறி இறங்கக்கூடிய இடம் எங்கேயாவது இருக்கிறதா?

தெஹிவளைக் கதிரை:

அக்கா, நான் சில்லுக் கதிரையில் இருப்பவன், வேலைக்குப் போகிறவன். கரையோரப் பாதையில் ஒரு ஸ்டேஷன், பெயர் வேண்டாம். பாதைக்கு இரண்டு பக்கமும் மேடை, நடுவில் படிக்கட்டுப் பாலம், லிஃப்ட் கிடையாது. போகும்போது பாலம் ஏறாமல் தப்பினாலும் திரும்பி வரும்போது மறுமேடையில்தான் இறங்க வேண்டும், அதனால் ஏதோ ஒரு நேரம் அந்தப் பாலம் முன்னால் வந்தே தீரும். பாலம் ஏறாத ஆட்கள் தண்டவாளத்தைக் கடந்து போய்விடுவார்கள், அது ஆபத்து, சட்டப்படியும் பிழை, சில்லு சரளைக் கல்லில் புதைந்துவிடும் என்பதால் எனக்கு அந்த வழியும் இல்லை.

என்னைத் தூக்க எப்போதும் ஆள் கிடைக்கும். நாலு பொடியன்கள் ஓடி வருவார்கள், சிங்களமோ தமிழோ முஸ்லிமோ யாரும் பார்ப்பதில்லை, இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. ஆனால் கதிரையை எங்கே பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. கை வைக்கிற இரண்டும் கழற்றுகிறவை. ஒரு நாள் பாலத்தின் பாதியில் ஒருவர் அதைப் பிடித்துத் தூக்க, அது கையோடு கழன்று வந்தது. கதிரை ஒரு பக்கம் சாய்ந்து நான் கைப்பிடிக் கம்பியில் தொங்கினேன், கீழே படிகள் அப்படியே தெரிந்தன. தம்பிமாரே, யாரையாவது தூக்க நேர்ந்தால் இருக்கைக்குக் கீழே போகிற சட்டத்தைப் பிடியுங்கள், பின்னால் தள்ளுகிற கைப்பிடியை ஒருவர் பிடிக்கட்டும், சில்லையும் கை வைக்கிறதையும் தொடவே வேண்டாம், பிரேக் போட்டிருக்கிறதா என்று முதலில் கதிரையில் இருப்பவரைக் கேளுங்கள்.

பாலம் தாண்டினாலும் முடியவில்லை. மேடை தாழ்வு, பெட்டி உயரம், வாசலில் செங்குத்தாகப் படிகள், இடையில் வெளி. ரயில் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் இதெல்லாம் நடக்க வேண்டும். ஆட்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக நாலு பேரின் நல்ல மனசை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருப்பது எனக்குச் சரியான கஷ்டம். டிக்கெட் எடுத்தவன் நான், என் பாட்டில் ஏறிப் போக வேண்டும்.

கொட்டாஞ்சேனை அம்மா:

குழந்தை வண்டியோடும் இதே கரைச்சல்தான். பஸ்ஸில் மடித்துத்தான் ஏற்ற வேண்டும், ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் வண்டி, கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். நான் வண்டியை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே திரிகிறேன்.

மருதானை அண்ணா:

எனக்குப் பார்வை மிகக் குறைவு, வெள்ளைப் பிரம்பு வைத்திருக்கிறேன். நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். படிக்கட்டு எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. ஒரே உயரத்தில் படிகளும் முழு நீளத்துக்குக் கைப்பிடியும் இருந்தால் தனியாக ஏறி இறங்கிவிடுவேன். ஒரு படி மட்டும் உடைந்திருந்தால், அல்லது கடைசிப் படி மற்றதைவிடத் தாழ்வாக இருந்தால் அங்கேதான் விழுவேன். படி விளிம்புக்கு மஞ்சள் கோடு அடித்தால் என்னைப் போலக் கொஞ்சம் தெரிகிறவர்களுக்கு எவ்வளவோ உதவி, அதற்குப் பெரிய செலவும் இல்லை. நடைபாதையில் பதிக்கிற புள்ளி வைத்த மஞ்சள் கல் சில இடங்களில் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு போனால் நேரே ஒரு மின்கம்பத்தில் கொண்டுபோய் விட்ட இடமும் உண்டு.

ஆகவே வீதிக்கு மேலே போகிற படிக்கட்டுப் பாலங்களைப் பற்றிக் கேட்கும்போது, பாலத்தை எடுத்துவிட்டு எல்லாரையும் வீதியால் கடக்க விடுங்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம். பாலமும் இருக்கட்டும், லிஃப்ட்டும் இருக்கட்டும், கீழே சிக்னலோடு ஒரு கடவையும் இருக்கட்டும்.

பஸ்காரன் மகன்:

என் அப்பா தனியார் பஸ் ஓட்டியவர், அதனால் இதைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. இங்கே ஓடுகிற பஸ்களில் பெரும்பாலானவை லொறியின் சேஸி (அடிச்சட்டம்) போன்ற ஒன்றின் மேல் பஸ்ஸின் கூட்டைக் கட்டியவை. உயரமான இரும்புச் சட்டத்துக்கு மேலேதான் தளம் வருகிறது, அதனால் படி வைக்காமல் முடியாது. படி இல்லாமல் ஏறக்கூடிய தாழ்தள பஸ் வேண்டும் என்றால் வாங்கும்போதே அப்படிக் கேட்டு வாங்க வேண்டும், பிறகு வெட்டி ஒட்ட முடியாது.

கரைக்கு வராததன் காரணம் வேறு. அன்றைய வசூலில்தான் ட்ரைவருக்கும் கொண்டக்டருக்கும் சம்பளம், பின்னால் அதே நம்பர் பஸ் துரத்தி வருகிறது, ஹோல்ட்டில் வேறு வாகனங்கள் நிற்கின்றன. அப்பா வயதானவர்கள் நின்றால் கரையோடு ஒட்டி நிறுத்துவார், நடைபாதை உயரத்திலிருந்து ஏறும்போது முதல் படி பாதியாகக் குறைந்துவிடும். அதற்காக முதலாளியிடம் பேச்சும் வாங்கியிருக்கிறார். நாள் சம்பளம் நிரந்தரமாக இருந்திருந்தால் எல்லா ட்ரைவரும் அப்படித்தான் நிறுத்தியிருப்பார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்.

தெஹிவளைக் கதிரை:

அண்ணா சொன்னது முழுக்கச் சரி, எனக்கு நல்லது உங்களுக்குக் கெடுதலாகிவிடக் கூடாது.

சட்டம் பற்றிப் பலருக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், வலது குறைந்த ஆட்களின் உரிமைகளுக்கானது, மற்றவர்கள் போகக்கூடிய எந்தக் கட்டடத்துக்கும் இடத்துக்கும் எங்களைப் போக விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. அதன் கீழ் 2006இல் அணுகு வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. அவை பொதுக் கட்டடங்களுக்கு மட்டும் இல்லை, பொது இடங்களுக்கும் பொதுச் சேவைகள் கிடைக்கும் இடங்களுக்கும் சேர்த்துத்தான். 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் புதிதாகக் கட்டுகிற பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளின்படி இருந்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர் கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா. 1992இல் காரின் மேல் மரம் விழுந்து, அதற்குப் பிறகு சில்லுக் கதிரையிலேயே இருந்தவர், அதற்கு முன் கிரிக்கெட் நடுவர். 2020இல் காலமாகிவிட்டார். ஒரு தனி மனிதர் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறார். 2016இல் வலது குறைந்த ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆகவே லிஃப்ட் கேட்பது சலுகை கேட்பது இல்லை, முறைப்பாடு எழுதும்போது இந்த ஆண்டுகளையும் இலக்கத்தையும் போட்டு எழுதுங்கள், பதில் வருகிற விதமே மாறும்.

வெள்ளவத்தை மகள்:

இதையெல்லாம் வாசித்து அம்மாவுக்கும் சொன்னேன். மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில் வரப்போகிறது என்று சொன்னபோது, புதிதாகக் கட்டுகிறார்கள், லிஃப்ட்டோடு கட்டுவார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன், 2020இல் அதை நிறுத்திவிட்டார்கள். அது எங்கள் பக்கம் வராவிட்டாலும், ஒரு இடத்தில் சரியாகக் கட்டினால் மற்ற இடத்தில் காட்டிக் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு அவசரக் கேள்வி. சித்திரை விடுமுறைக்கு அம்மாவை யாழ்ப்பாணத்துக்கு யாழ்தேவி ரயிலில் கூட்டிப் போக வேண்டும். இரவு பஸ்ஸில் படி இன்னும் உயரம், நடுவழியில் இறங்கி ஏறவும் ஏலாது. ரயிலில் எப்படி ஏற்றுவது?

கொட்டாஞ்சேனை அம்மா:

அக்கா, என் மாமியை இப்படித்தான் கூட்டிப் போனோம். நேரத்தோடு போய் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து முதலே சொல்லிவிடுங்கள், எந்த மேடைக்கு வரும் என்று கேட்டு, பாலம் ஏறாமல் போகிற வழி இருந்தால் கேளுங்கள். சில ஸ்டேஷன்களில் மேடையின் கோடியில் சாமான் வண்டி தள்ளுகிற சரிவு இருக்கும், ஊழியர் கூட வந்தால் அதால் போகலாம், தனியாக இறங்க வேண்டாம். ஒரு சின்ன மர ஸ்டூல் கொண்டுபோங்கள். அதை மேடையில் வாசலுக்கு முன்னால் வைத்தால் முதல் படி எட்டும், ஏறின பிறகு உள்ளே எடுத்துவிடலாம். யாழ்ப்பாணத்தில் இறங்கும்போதும் அதுதான் உதவும், அங்கே நீங்கள் முதலில் இறங்கி ஸ்டூலை வைத்துவிட்டு அம்மாவை முகம் உள்ளே பார்த்தபடி, பின்பக்கமாக இறங்கச் சொல்லுங்கள்.